இரண்டு ரயில்கள்

ஓர் இனத்தின் பெரியோர் தம் பிள்ளைகளுக்கு எக்கதைகளைச் சொல்கின்றனர் என்பது எவ்வளவு கருதத்தக்கதோ, அவ்வளவு கருதத்தக்கது அப்பிள்ளைகள் தாமாகத் தேடிச் செல்லும் கதைகள் எவை என்பதும். முன்னது பெரியோரின் விருப்பத்தைக் காட்டும். பின்னது காலத்தின் போக்கைக் காட்டும். இவ்விரு வகைக் கதைகளும் ஒன்றையொன்று சந்திக்காமலே போகுமானால், ஒரே கூரையின் கீழ் இரண்டு உலகங்கள் உண்டாகிவிடுகின்றன. பாட்டியின் உலகம் ஒன்று. பேரனின் உலகம் மற்றொன்று. இடையில் மொழி நின்று தவிக்கின்றது.

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், தாப்பாவுக்கும் சுங்காய்க்கும் நடுவே அமைந்த சிற்றூர் பீடோர். கொய்யாப்பழத்தாலும் வாத்துக்கால் மீயாலும் வழிப்போக்கர்க்கு அறிமுகமான ஊர் அது. அதனைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகிவிட்டன. லயங்களில் வாழ்ந்தோரின் மக்களும் பேரர்களும் தாமான்களில் குடியேறினர். பால்மரம் வெட்டிய கைகளைப் பார்த்திராத குழந்தைகள் இன்று தமிழ்ப்பள்ளிக்குச் செல்கின்றனர். அவர்களை நிறுத்தி, விருப்பமான வீரன் யார் என்று வினவினால், கரிகாலன் என்றோ கட்டபொம்மன் என்றோ விடை வருவது அரிது. ‘தான்ஜிரோ’ என்று பளிச்சென விடை வரும்.

யார் இந்தத் தான்ஜிரோ? ஜப்பானியப் படக்கதையாசிரியர் கொயொஹாரு கொதோகே 2016ஆம் ஆண்டு முதல் 2020ஆம் ஆண்டு வரை வார இதழொன்றில் எழுதி வரைந்த ‘கிமெட்சு நோ யைபா’ என்னும் கதையின் தலைவன் அவன். அக்கதை 2019ஆம் ஆண்டில் தொலைக்காட்சித் தொடராயிற்று. தொடரின் முதற்பகுதி முடிந்த இடத்திலிருந்து கதையை மேலே கொண்டு செல்லும் முழுநீள அசைவூட்டப் படம், 2020 அக்டோபர் 16ஆம் நாள் ஜப்பானில் திரைக்கு வந்தது. ஹருவோ சொத்தொசாக்கி இயக்கிய அப்படத்தின் பெயர் ‘முகென் ரயில்’. முகென் என்றால் முடிவற்றது என்று பொருள். கொள்ளைநோய் உலகை வீட்டுக்குள் அடைத்திருந்த அந்த ஆண்டிலும், மியாசாக்கியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ 2001 முதல் கட்டிக்காத்த வசூல் சாதனையை அது முறியடித்தது. ஜப்பானில் மட்டும் 40 பில்லியன் யென்னுக்கு மேல் ஈட்டியது.

வசூலைக் கொண்டு கலையை அளத்தல் தகாது. ஆயினும், தொலைவில் உள்ள ஒரு தீவு நாட்டின் கதை பீடோர்ப் பிள்ளைகளின் நெஞ்சில் ஏன் இவ்வளவு ஆழமாக இறங்கியது என்று ஆராய்வது ஆசிரியர் கடமை. தான்ஜிரோ அரசகுமாரன் அல்லன். மலைச்சரிவில் கரி சுட்டு விற்கும் ஏழைக் குடும்பத்தின் தலைப்பிள்ளை. தந்தை இல்லாத வீட்டில் தாய்க்குத் துணையாக நின்று, தம்பி தங்கையரைத் தாங்குபவன். கரி விற்கச் சென்று திரும்பும்போது வீட்டார் அரக்கனுக்கு இரையாகிக் கிடக்கின்றனர். உயிர் தப்பிய தங்கை நெசுக்கோவோ அரக்கியாக மாறிவிட்டாள். அவளை ஒரு பெட்டியில் வைத்து முதுகிலே சுமந்துகொண்டு, அவளை மீண்டும் மனிதப் பெண்ணாக்கும் வழியைத் தேடி அவன் புறப்படுகின்றான்.

தங்கையைச் சுமக்கும் தமையன் தோட்டப்புறத்துக்குப் புதியவன் அல்லன். விடியற்காலையில் பெற்றோர் பிரட்டுக்களத்துக்குச் சென்றபின், இளையவர்களை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காள்மாரும் அண்ணன்மாரும் லயந்தோறும் இருந்தனர். கரியும் பேராக்குக்குப் புதிதன்று. கோலா செபெத்தாங்கில் கண்டல் மரத்தைச் சுட்டுக் கரியாக்கும் சூளைகள் உண்டு. அக்கரி ஜப்பானுக்கும் கப்பலேறுகின்றது. கதை நிகழும் காலமோ, 1912 முதல் 1926 வரை நீடித்த தைஷோ காலம். கங்காணிகளின் வழியே தமிழர் கூட்டங்கூட்டமாக மலாயாத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்ததும் அக்காலத்தில்தான். கற்பனைத் தான்ஜிரோவும் இப்பிள்ளைகளின் பாட்டன்மாருக்குப் பாட்டன்மாரும் ஒரே காலத்தவர். ஒருவன் பனிமலையில் கரி சுட்டான். மற்றவர் காடழித்து ரப்பர்க் கன்று நட்டனர். வறுமையை அறிந்த குடும்பங்களில் வறியவனின் கதை விரைவில் வேரூன்றுதல் இயல்பே.

இனி, படத்தின் கதையைக் காண்போம். ஒரு ரயிலில் மக்கள் காணாமற்போகின்றனர். அதனை ஆராயத் தான்ஜிரோவும் தோழர்களும், ரென்கோக்கு என்னும் பெருவீரனும் அதில் ஏறுகின்றனர். பயணச்சீட்டைத் துளையிட்ட மறுகணமே அனைவரும் உறங்கிப்போகின்றனர். அச்சீட்டின் மையில் என்மு என்னும் அரக்கனின் குருதி கலந்திருக்கிறது. ஒவ்வொருவரும் தத்தமக்கு இனிய கனவைக் காண்கின்றனர். தான்ஜிரோ தன் இறந்த தாயையும் உடன்பிறந்தாரையும் உயிரோடு காண்கின்றான். அக்கனவை விட்டு விழித்தெழ மனம் ஒப்புமா? ஒப்பாது. ஆயினும் அவன் விழிக்கின்றான். விழித்தபின்தான் உண்மை புலனாகின்றது: அரக்கன் ரயிலுக்குள் இல்லை, ரயிலே அரக்கனாகிவிட்டது. இருநூறுக்கு மேற்பட்ட பயணிகளை அது விழுங்கக் காத்திருக்கின்றது.

பீடோருக்கு அருகில் உள்ள ஒரு வீட்டில், 2021ஆம் ஆண்டு, பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இப்படத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு ஜப்பானிய மொழி. கீழே ஓடிய எழுத்து ஆங்கிலம். அருகில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவனுடைய கொள்ளுப்பாட்டிக்கு எண்பத்துமூன்று வயது. நீராவி ரயிலின் ஊதல் ஒலி கேட்டதும் அம்மூதாட்டியின் கை நின்றது.

“என்ன ரயிலுய்யா அது?”

“இது ஆள முழுங்குற ரயிலு பாட்டி. உள்ள ஏறுனா தூங்கிருவாங்க. அப்புறம் திரும்பி வரமாட்டாங்க.”

மூதாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எங்கப்பாவையும் அப்படி ஒரு ரயிலுதான்யா கொண்டுபோச்சு. அதுவும் சப்பான்காரன் ரயிலுதான்” என்றார்.

சிறுவன் படத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த ஜப்பான் வேறு. அவருக்குத் தெரிந்த ஜப்பான் வேறு. அன்றுவரை அவ்வீட்டில் அவ்விரண்டும் சந்தித்ததில்லை.

வரலாற்றை அறிந்தார்க்கு அம்மூதாட்டியின் சொல் விளங்கும். 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய ஜப்பானியப் படை, அம்மாதம் 30ஆம் நாள் தொடங்கி 1942 ஜனவரி 2 வரை கம்பாரில் போரிட்டது. ஜனவரி 7ஆம் நாள் சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் படையை நிலைகுலையச் செய்தது. இவ்விரு போர்க்களங்களுக்கும் இடையிலுள்ள சாலையில் இருக்கும் ஊர் பீடோர். பின்னர், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீள ரயில்பாதை அமைக்கும் வேலை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. அதற்கென 60,000க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் வதைக்கப்பட்டனர். அவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் தொகை ஏறத்தாழ 90,000 என்பர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்.

அவர்கள் எவ்வாறு ரயிலேற்றப்பட்டனர் என்பதைக் கேட்கும்போது, ‘முகென் ரயில்’ வெறும் கற்பனை என்று தள்ள இயலவில்லை. மூன்று மாத வேலை, நல்ல கூலி, பிறகு வீடு திரும்பலாம் என்னும் இனிய கனவு முதலில் காட்டப்பட்டது. ஏமாறாதவர்களைத் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்ற கணக்கு இழுத்துச் சென்றது. இலவசப் படக்காட்சி என்று மக்களைக் கூட்டி, வாயில்களை அடைத்து, ஆடவரைப் பிடித்துச் சென்றதாகக் கூறும் வாக்குமூலங்களும் உண்டு. சரக்குப் பெட்டிகளில் அடைபட்டுச் சென்றோரைக் காட்டுக்குள் வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அடியும் எதிர்கொண்டன. ரயிலே ஆளை விழுங்கிற்று என்பது அக்குடும்பங்களில் உவமை அன்று, நடந்த செய்தி.

படத்தில் மற்றுமொரு நுட்பம் உள்ளது. அரக்கனுக்குச் சீட்டுத் துளையிட்டுத் தருபவன் ஒரு மனிதன், ரயிலின் நடத்துநன். இறந்துபோன மனைவியையும் மகளையும் கனவிலே காட்டுவதாக வாக்களித்து, அரக்கன் அவனைத் தன் கருவியாக்கிக்கொள்கின்றான். வீரர்களின் கனவுக்குள் புகுந்து அவர்களை அழிக்க முயலும் இளைஞர்களும் நோயாலும் துயராலும் நொந்தவர்களே. தமக்கும் ஓர் இனிய கனவு கிடைக்கும் என்ற ஆசையே அவர்களை ஆட்டுகின்றது. தான்ஜிரோ அவர்களை வெறுக்கவில்லை. சயாம் ரயிலுக்கும் ஆள் கணக்குப் பார்த்துப் பெயர் எழுதித் தந்த மனிதர் இருந்தனர். அஞ்சியவரும், தம் பிள்ளையைக் காக்க வேறொருவர் பிள்ளையைக் காட்டியவரும் அவர்களுள் இருந்திருப்பர். கொடுமை என்பது கொம்பும் கோரைப்பல்லும் கொண்டு மட்டும் வருவதில்லை. பெயர்ப்பட்டியலும் எழுதுகோலும் கொண்டும் வருகின்றது.

ரென்கோக்கு அன்றிரவு பயணிகளுள் ஒருவரையும் சாகவிடவில்லை. ஆனால், விடியும் வேளையில் அகாசா என்னும் மேலரக்கன் வந்து அவ்வீரனைக் கொன்றுவிட்டுக் கதிரவனுக்கு அஞ்சிக் காட்டுக்குள் ஓடுகின்றான். அகாசாவை உலகெங்கும் பிள்ளைகள் ஐந்தாண்டுக் காலம் வெறுத்தனர். பிறகு, 2025 ஜூலை 18ஆம் நாள், மூன்று படங்களாக முடியவிருக்கும் ‘முகென் கோட்டை’யின் முதற்படம் ஜப்பானில் வெளிவந்தது. அதே ஆண்டில் மலேசிய அரங்குகளுக்கும் அது வந்தது. அதில்தான் அகாசாவின் பழங்கதை சொல்லப்படுகின்றது. அவனும் ஒருகாலத்தில் ஹகுஜி என்னும் ஏழைச் சிறுவன். நோயுற்ற தந்தைக்கு மருந்து வாங்கத் திருடினான். தன்னால் மகன் கள்வனானானே என்று தந்தை தூக்கிட்டுக்கொண்டார். பின்னர் அவனுக்கு அடைக்கலம் தந்த ஆசானும், அவன் மணக்கவிருந்த ஆசானின் மகளும் பகைவர் கலந்த நஞ்சுக்குப் பலியாயினர். அவர்களைப் பழிவாங்கிக் கைகளில் குருதியோடு நின்றவனையே அரக்கர் தலைவன் அரக்கனாக்கினான். இறுதிப் போரில் அகாசா தன் பழைய நினைவு மீளப்பெற்று, தன்னைத் தானே அழித்துக்கொள்கின்றான்.

பகைவனின் துயரத்தையும் கேட்டபின்னரே அவனை வழியனுப்பும் இம்முறை தமிழ் மரபுக்கு அயலானதா? அன்று. கந்தபுராணத்தில் சூரபதுமன் மாமரமாகி நின்று பிளவுண்டபின் மயிலும் சேவலும் ஆகின்றான். பகைவன் ஊர்தியும் கொடியும் ஆகி வணங்கப்படும் நிலையை அடைகின்றான். பீடோரிலும் ஈப்போவிலும் தைப்பூசத்தன்று காவடியேந்தும் சிறுவன் தோகையைச் சுமக்கும்போது, அவ்வரக்கனின் மறுபிறப்பையே தோளில் சுமக்கின்றான் எனலாம். கம்பனும் இராவணன் களத்தில் வீழ்ந்தவுடன் காவியத்தை மேலே செலுத்திவிடவில்லை. மண்டோதரியை அழவைத்து, அவ்வழுகையைப் படிப்போர் செவியில் நிலைக்கச் செய்தான். சிறுவர்கள் ஜப்பானியக் கதையில் கண்டு வியக்கும் அருள் தம் வீட்டுப் பரண்மேலும் இருக்கின்றது. அதை எடுத்துக் காட்டுவார் இல்லாமையே குறை.

எனினும், இரக்கமும் தீர்ப்பும் ஒன்றல்ல. ஹகுஜியின் கதையைக் கேட்டுக் கண்ணீர் விடுவதால் ரென்கோக்கு உயிர்த்தெழப் போவதில்லை. அப்படமும் அகாசாவின் குற்றத்தைத் துடைத்துவிடவில்லை. அவன் மாண்டே தீர்கின்றான். வரலாற்றில் இவ்வேறுபாடு மேலும் இன்றியமையாதது. கதையில் அரக்கர் அனைவரையும் தோற்றுவித்தவன் ஒருவனே. அவன் வீழ்ந்தால் தீமை தொலையும். வரலாற்றில் அவ்வாறு ஒற்றை மூலம் இல்லை. கதையரக்கன் கதிரவன் ஒளியில் சாம்பலாகி மறைவான். சயாமில் நேர்ந்த கொடுமை பகல் வெளிச்சத்திலேயே நடந்தது. கதையில் இருநூறு பேரும் பிழைத்தனர்; மெய்யான ரயிலிலோ அவர்களைக் காக்க ஒரு ரென்கோக்கு வரவில்லை. இவ்வேறுபாடுகளை மறைத்து, ஜப்பானியக் கதையின் அழகில் மயங்கி நிற்பது ஒரு வகை உறக்கம். அவ்வாறே, ஜப்பானியர் செய்த கொடுமையைக் காரணம் காட்டி இன்றைய ஜப்பானியக் கலைஞன் ஒருவனின் நற்படைப்பைப் பழித்தலும் அறமாகாது.

இரண்டு மெய்யான இயந்திரங்கள் இக்கருத்தை விளக்கும். ‘முகென் ரயில்’ படம் வெளிவந்த 2020ஆம் ஆண்டு நவம்பரில், 1922இல் செய்யப்பட்ட 58654 என்னும் எண்ணுடைய நீராவி இயந்திரம் கியூஷு தீவில் குமமொத்தோவிலிருந்து ஹகத்தா வரை, படத்தின் பெயர் தாங்கிச் சிறப்பு ரயிலாக ஓடியது. மற்றோர் இயந்திரம், சி56 வகையைச் சேர்ந்த 31ஆம் எண்ணுடையது. சயாம்–பர்மா பாதையில் ஓடிய அது 1979இல் தாய்லாந்திலிருந்து ஜப்பானுக்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்டு, தோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தை ஒட்டிய காட்சியகத்தில் நிற்கின்றது. முதல் இயந்திரத்தைப் பற்றி உலகச் சிறுவர் அறிவர். இரண்டாவதைப் பற்றிப் பீடோர்ச் சிறுவனுக்குச் சொல்ல வேண்டியவர் யார்? தோக்கியோ சொல்லும் என்று எதிர்பார்த்தல் பயனில்லை. தமிழ்தான் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு நூல்கள் இல்லாமல் இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் மலேசியத் தமிழர் அத்துயரத்தைத் தம் மொழியிலேயே பதிந்துவைத்தமைக்குச் சான்றுகள். ஆயினும் அவை பல இல்லங்களில் இல்லை. பல வகுப்பறைகளில் பெயரளவில் மட்டுமே உள்ளன. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கென ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன; பெரும்பாலானவற்றில் பெயரும் நாளும் பொறிக்கப்பட்டுள்ளன. மாண்ட தமிழர்க்கோ அவ்வாறு பெயர் பொறித்த கல்வரிசை இல்லை. அவர்களுடைய பெயர்கள் எஞ்சியிருக்குமிடம் முதிய மக்களின் நினைவு ஒன்றே. அந்நினைவும் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றது.

முற்கூறிய வீட்டில் அன்று மாலை நடந்ததை இங்கே நிறைவுசெய்தல் நன்று. மூதாட்டி தந்தையின் கதையைச் சொன்னார். சிறுவன் தான்ஜிரோவின் கதையைச் சொன்னான். பாட்டிக்கு விளங்கவேண்டும் என்பதற்காக அவன் தமிழில் சொல்லவேண்டியதாயிற்று. ‘ஓனி’ என்பதற்கு முதலில் ‘பேய்’ என்றான். பேய் ஆளைத் தின்னாதே என்று பாட்டி மறுத்தபோது ‘ராட்சசன்’ என்றான். அவன் தேர்வுக்காக எழுதிய எந்தக் கட்டுரையிலும் அவ்வளவு முயன்று ஒரு சொல்லைத் தேடியிருக்கமாட்டான். இறுதியில் அவன் கேட்டது ஒன்றே: “உங்கப்பா பேரு என்ன பாட்டி?” எண்பது ஆண்டுகளில் அவ்வீட்டில் எந்தச் சிறுவனும் கேட்காத வினா அது. மூதாட்டி பெயரைச் சொன்னார். அவன் பள்ளிக் குறிப்பேட்டின் பின்னட்டையில் அதை எழுதிக்கொண்டான்.

தமிழாசிரியர் கருதவேண்டியது இதுவே. மாணவன் நேசிக்கும் கதையை ‘வெறும் கார்ட்டூன்’ என்று விலக்கும் வகுப்பறை, அவன் நெஞ்சிலுள்ள பெரும்பகுதியைத் தமிழுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றது. இந்தியாவில் ‘முகென் கோட்டை’ 2025 செப்டம்பர் 12ஆம் நாள் தமிழ்க் குரலோடும் திரையிடப்பட்டது. வணிகர்க்குத் தெரிந்த இவ்வுண்மை ஆசிரியர்க்கும் தெரிதல் வேண்டும்: அக்கதைகள் தமிழில் பேச மறுப்பன அல்ல. வன்முறை மிகுந்த படமாதலின் அது எல்லா வயதினர்க்கும் உரியதன்று என்பதையும் கூறுதல் கடமை. ஜப்பானில் 12 வயதுக்குட்பட்டோர்க்குப் பெற்றோர் வழிகாட்டுதல் வேண்டும் என்றும், அமெரிக்காவில் 17 வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையோடு காணவேண்டும் என்றும் அப்படம் தரப்படுத்தப்பட்டுள்ளது. எவ்வயதில் எதைக் காணலாம் என்று அறிவுறுத்துவதும், கண்டதைத் தமிழில் எடுத்துரைக்கச் செய்வதும், அதன் வழியே தன் வீட்டு வரலாற்றை வினவத் தூண்டுவதும் ஒரே பணியின் மூன்று கூறுகள்.

‘எனக்குப் பிடித்த கதை’ என்னும் கட்டுரைத் தலைப்பு பள்ளிகளில் ஆண்டுதோறும் கொடுக்கப்படுவது. அதனோடு ‘என் வீட்டில் எவரும் எனக்குச் சொல்லாத கதை’ என்னும் தலைப்பையும் சேர்த்துக் கொடுக்கலாம். முதலாவதை எழுதும் மாணவன் தான்ஜிரோவைப் பற்றி எழுதட்டும். இரண்டாவதை எழுத அவன் முதியோரிடம் சென்றே ஆகவேண்டும். சயாமுக்குச் சென்று மீளாதவர்களின் மக்கள் இன்னும் சிலர் பீடோரிலும் சுங்காயிலும் தாப்பாவிலும் உயிரோடு இருக்கின்றனர். அவர்களைக் கேட்பதற்குரிய காலம் நீண்டதன்று.